நிர்மால்யம் களையாத கார்

அழியாப் பொருளைத் தேடிப் பண்டை முனிவர்கள் காடேகினார்கள். காற்றை உண்டு, கனலிடை நின்று, உடம்பை வற்றவிட்டார்கள். சற்றே பொறுத்திருந்தால் இத்தனை சிரமம் வேண்டியிருந்திராது. பெங்களூருவில் ‘அவ்யயா ஃப்ளூயிட் கேர்’ நிறுவனத்தின் வரவேற்பறைக்கு வந்து, பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். அழியாமை அங்கே லிட்டர் கணக்கில் விற்பனையாகிறது.

அவ்யயம் என்றால் கெடாதது. அந்தப் பெயரைச் சூட்டியவர் சீனிவாசராகவன். உலோகம் அரிக்காமல் காக்கும் திரவங்களை விற்கும் அந்நிறுவனத்தின் அரிப்புத் தடுப்புத் துறைத் தலைவர். வேதியியலில் முனைவர், பாசுரங்களில் பித்தர். மெத்தனால் என்னும் சாராய வகையை ஊற்றினால் பந்தயக் கார் பறக்கும் என்பதை உலகறியும். பறந்து முடிந்த பின் அதே மெத்தனால், காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு, அலுமினியக் கார்புரேட்டரை உட்கார்ந்து தின்னும் என்பதை அவர் அறிவார். மருந்தும் அறிவார். ஓடி முடித்த அன்றே டேங்கைக் காலி செய்து, சிறிது நேரம் பெட்ரோலில் இன்ஜினை ஓடவிட்டுக் குழாய்களைக் கழுவி, கார்புரேட்டரின் வாயில் எண்ணெய் தெளித்து மூட வேண்டும். இதைக் கையேடாக எழுதப் பணித்தபோது மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ராகவன் ஒரு குறள் வெண்பா எழுதினார்:

ஓடிய அன்றே ஒழித்துப்பின் பெட்ரோலால்
நாடி நரம்பை அலசு.

தளை தட்டாத இந்த அருமறை, நிறுவனத்தின் காபிக் கோப்பைகளில் எல்லாம் அச்சாயிற்று. தினமும் இருவேளை ஊழியர்கள் அதை உதட்டில் வைத்தார்கள்.

தன் சரக்கின் பெருமையை நிலைநாட்ட நிறுவனம் ஒரு பந்தயக் கார் வைத்திருந்தது. ஒரே ஒரு கார். ஓட்டியவள் விவேக் நகர்ப் பெண் ஆஞ்சலா. அத்திபெலேக்கு அப்பாலுள்ள பந்தய ஓடுதளத்தில், மே மாதத்து ஞாயிறு ஒன்றில், அரையிறுதியை அவள் வென்றாள். இறுதிப் பந்தயம் ஆகஸ்டில். அதில் வென்றால் வெளிநாட்டு அணி ஒன்று அவளை எடுத்துக்கொள்ளும். வயது வரம்பின்படி அவளுக்கு அதுவே கடைசி ஆண்டு.

கோப்பையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஆஞ்சலா நேராகக் காரின் அடியில் மண்டியிட்டு, டேங்கின் வடிகுழாயில் கை வைத்தாள். நிர்வாக இயக்குநர் ரோஹன் ஓடி வந்தார்.

“ஆஞ்சலா, ஸ்டாப். தொடாதே.”

“தொடாம எப்படி சார் வடிக்கிறது?”

“வடிக்கவே வேணாம். இது ஜெயிச்ச ஃப்யூயல். பாராட்டு விழாவுல சீஃப் கெஸ்ட் இதே ஃப்யூயல்ல ஸ்டார்ட் பண்ணுவார். அப்படியே ஆத்தென்டிக்கா இருக்கணும்.”

ஆஞ்சலா ராகவனைப் பார்த்தாள். “சார், நீங்களே சொல்லுங்க.”

ராகவன் வாயைத் திறந்தார்.

“செவ்வாய்க்கிழமைதானே விழா, ராகவன் சார்?” என்றார் ரோஹன். “ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்?”

“விஞ்ஞானபூர்வமா சொல்லணும்னா…”

“அன்னிக்கு உங்களுக்கும் ஒரு பட்டம் இருக்கு. ‘அவ்யய ஆசார்யா’.”

விஞ்ஞானம் அவ்விடத்தில் சற்று இளைப்பாறியது.

கார் வரவேற்பறைக்கு எழுந்தருளியது. மல்லிகையும் சாமந்தியும் கலந்த மாலை, நான்கு சக்கரத்துக்கும் சந்தனம், கண்ணாடியில் குங்குமம். செவ்வாயன்று தலைமை விருந்தினருக்கு தில்லியில் வேலை வந்தது. மறு வாரம் அவருடைய சம்பந்தி வீட்டில் கிரகப்பிரவேசம். அதற்கடுத்து, நம் ஆடியைப் போல் நல்ல காரியத்துக்கு ஆகாத ஆஷாடம் பிறந்தது. ஆஷாடத்தில் அவர் யாருக்கும் சால்வை போர்த்துவதில்லை.

மெத்தனாலுக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கம் இல்லை. ஆகவே ‘வெற்றி எரிபொருள் பாதுகாப்புக் குழு’ அமைக்கப்பட்டது. கெடாமையைக் காப்பதற்கென்றே பூவுலகில் கூடிய அவைகளுள் இதற்கு நிகரானது இல்லை. ஈரத்தைத் தடுக்கக் காரைச் சுற்றி உப்பு மூட்டைகள் வைக்கலாமா, அவை புகைப்படத்தில் விழுமா என்று ஒரு முற்பகல் முழுதும் விவாதித்தது. இறுதியில் ராகவனின் வெண்பாவைச் சட்டமிட்டுக் கார்புரேட்டரின் முன்னே வைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது.

“சார், அது உங்க பாட்டுதானே?” என்றாள் ஆஞ்சலா.

“ஆமாம்மா.”

“அதுல ‘அன்றே’ன்னு போட்டிருக்கு.”

“பாட்டுல இருக்கு. மீட்டிங் மினிட்ஸ்ல இல்லையே.”

“கார்புரேட்டர் மினிட்ஸ் படிக்குமா சார்?”

குழு இக்கேள்வியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது.

மல்லேஸ்வரம் வீட்டில் ராகவனின் காலைகள் வேறு விதமானவை. நீராடி, திருமண் இட்டு, பாசுரத்தை முணுமுணுத்தபடி பூஜையறைக் கதவைத் திறப்பார். முதல் வேலை நிர்மால்யம் களைவது: நேற்றுச் சாத்திய துளசியையும் பூவையும் பெருமாள் திருமேனியிலிருந்து எடுத்து அப்புறப்படுத்துவது. எவ்வளவு வாசனையாக இருந்தாலும், எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும், நேற்றையது நேற்றையதே. அதை எடுக்காமல் இன்றையதைச் சாத்த மாட்டார். காய்ச்சலில் கிடந்த நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து களைந்தவர்.

அவருடைய மனைவி ஜெயலக்ஷ்மி பூக்கூடையை நீட்டினாள். “ஏன்னா, அந்தக் கார் இன்னும் அப்படியேவா நிக்கறது?”

“விழா முடியட்டும்னு இருக்கோம்.”

“நேத்துத் துளசிய ஒரு நாழி கூட விட்டு வெக்க மாட்டேள்.”

“அது பெருமாள்டி.”

“அதனாலதான் கேக்கறேன். பெருமாளுக்குத் துளசி இருந்தா ஒண்ணும் ஆகாது. அந்தப் பொண்ணோட காருக்கு ஆகும்னு நீங்கதானே ஊர் ஊராப் போய்ச் சொல்றேள்?”

ராகவன் அன்று எல்லாருக்கும் முன்பாக அலுவலகம் சென்றார். வரவேற்பறையில் ஒருவரும் இல்லை. அலுவலகத்துக்குக் கால்சட்டை அணியத் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே தரையில் மண்டியிடாதவர், அன்று மண்டியிட்டார். வடிகுழாய் விரலுக்கு எட்டியது. அரைத் திருகு திருகினால் போதும். இன்னும் கெட்டுப்போகாத கார்புரேட்டர் அன்று உள்ளே இருந்திருக்கக்கூடும்.

மேலே நிமிர்ந்தார். மேசைமேல் விழாவுக்கான அழைப்பிதழ்க் கட்டு வந்திருந்தது. அவருடைய பெயர், பட்டத்தோடு, தங்க எழுத்தில். தலைமை விருந்தினரின் பெயருக்கு நேர் கீழே. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். பிறகு, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வந்ததற்கு அடையாளமாகச் சட்டத்திலிருந்த வெண்பாவை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுச் சென்றார்.

இறுதிப் பந்தயத்துக்கு முந்தைய நாள் விழா நடந்தது. கார் வாசலுக்குத் தள்ளிக்கொண்டுவரப்பட்டது. ஆஞ்சலா பந்தய உடையிலேயே வந்திருந்தாள். விழா முடிந்ததும் காரை வண்டியிலேற்றி ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தலைமை விருந்தினர் ஸ்டார்ட்டரை அழுத்தினார். கார் கனைத்தது, பெருமூச்சு விட்டது, பேசாமல் இருந்துவிட்டது. மறுபடி அழுத்தினார். இம்முறை கனைப்பும் இல்லை.

ஆஞ்சலா கார்புரேட்டரைக் கழற்றி, மூடியைத் திறந்து, மேசை விரிப்பின்மேல் வைத்தாள். உள்ளே வெண்மையாகப் பூத்திருந்தது. துளைகள் அடைந்து, உலோகம் பல்லால் கடித்ததுபோல் பள்ளம் பள்ளமாக இருந்தது. மனிதவளத் துறையினரில் ஒருவர் அந்த வெண்பொடியைத் திருநீறென்று எண்ணி விரலை நீட்டினார். அவர் கையை ஆஞ்சலா தட்டிவிட்டாள்.

“இது வராம பண்றதுக்கு வழி இல்லையா?” என்று கேட்டார் தலைமை விருந்தினர்.

அனைவரும் ராகவனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, மாசற்ற குரலில், சீர் பிரித்து, வெண்பாவைச் சொன்னார். பொருளும் சொன்னார். அரங்கம் கைதட்டியது.

“பஹள சன்னாகிதே, ரொம்ப நல்லா இருக்கு,” என்றார் விருந்தினர், உண்மையான மகிழ்ச்சியோடு. “இவ்ளோ சுலபமா? அப்புறம் ஏன் அன்னைக்கே செய்யல?”

ரோஹன் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார்.

“உங்க டேட் கிடைக்கல, சார்,” என்றாள் ஆஞ்சலா.

விருந்தினர் இதைத் தம் பெருமையாகவே எடுத்துக்கொண்டு தலையசைத்தார். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது பட்டமளிப்பு. ராகவனுக்குச் சால்வை போர்த்தி, மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகை சூட்டி, ஏலக்காய் மாலை அணிவித்து, ‘அவ்யய ஆசார்யா’ என்று பொறித்த பித்தளைத் தகட்டைக் கையில் கொடுத்தார்கள். அரிப்பைத் தடுப்பது எப்படி என்பதை இத்தனை பேர் முன்னிலையில், இத்தனை தெளிவாக, இத்தனை அருகில் ஒரு சான்றோடு விளக்கிய அறிஞர் பாரதத்தில் வேறொருவர் இல்லை என்று வாழ்த்துமடல் கூறியது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆஞ்சலா காரின் மாலையைக் கழற்றினாள். வடிகுழாயைத் திறந்தாள். கலங்கிய திரவம் ஒரு வாளியில் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும் வரை அங்கேயே குந்தியிருந்தாள். பிறகு ராகவனிடம் வந்து, அவருடைய மாலை கசங்காமல் சற்று எட்ட நின்றாள்.

“வடிச்சிட்டேன் சார். நாளைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல.”

மறுநாள் காலை, அத்திபெலேக்கு அப்பால் மற்றவர்களுடைய கார்கள் உறுமிக்கொண்டிருந்த வேளையில், மல்லேஸ்வரத்தில் ராகவன் நீராடி, திருமண் இட்டு, பூஜையறைக் கதவைத் திறந்தார். பெருமாளின் காலடியில் முந்தைய நாள் வைத்த பித்தளைத் தகடும் ஏலக்காய் மாலையும் இருந்தன. அவர் துளசியைக் களைந்தார். மல்லிகையைக் களைந்தார்.

“அதையும் எடுத்துடுங்கோ,” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“இது பட்டம்டி.”

“நேத்து வந்ததுதானே?”

ராகவன் தகட்டை எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்தார். திரும்ப அதே இடத்தில், எழுத்து நன்றாகத் தெரியும்படி, வைத்தார்.

பித்தளை எளிதில் கெடாது. அந்த வீட்டில் வேறெது கெட்டது என்பதற்கு அவர் இன்னும் வெண்பா எழுதவில்லை.