நிழல் காவல்

ரங்கூன் மண்ணில் சுவாமிகள் கால் வைத்ததும் அவர்மேல் விழுந்த முதல் நிழல் குழந்தைவேலுவுடையது.

"ஏய், நெழல்! நெழல்!" என்று கத்தினார் கோயில் தருமகர்த்தா ஆதப்ப செட்டியார்.

குழந்தைவேலு துள்ளி விலகினான். துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமக்கிறவன். ஆறடிக்கு மேல் உயரம், கதவு அகலத்துக்குத் தோள். இன்று தலையில் சிவப்பு முண்டாசு, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி.

மடத்திலிருந்து தந்தி வந்திருந்தது. 'காவலாளுக்குக் காய்ச்சல். உயரமான, அகலமான ஆள் ஒருவனைப் பார்த்து வைக்கவும்.' அவன் என்ன செய்ய வேண்டும் என்று தந்தியில் இல்லை. அதைச் செட்டியாரே யோசித்துக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் வேல்காரர்கள் சூழ்ந்து வருவார்களாம், மடாதிபதிமேல் அடுத்தவன் நிழல்கூடப் படாதாம். யாரோ சொல்லிக் கேட்டது.

விசாரிக்க ஆள் இல்லை. சுவாமிகளுக்கு அந்திவரை மௌன விரதம். கூட வந்த சீடர் தியாகராசன், கப்பலில் வாந்தி எடுத்தே துவண்டு, இறங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

செட்டியார் பட்டுக்குடையை நீட்டினார். சுவாமிகள் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பாத்தியா? நெழலே ஆகாதுங்கிறாக!" என்றார் செட்டியார். "பொழுது சாயுற வரைக்கும் ஒரு நெழல் படாமப் பாத்துக்க. சொன்னபடி கோயில் வாசக்காவல் வேல ஒனக்குத்தான்."

மூட்டை சுமந்து சுமந்து குழந்தைவேலுவின் முதுகெலும்பு தேய்ந்துகொண்டிருந்தது. காலையில்தான் பெண்டாட்டி பவுனம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள்: "அந்த வேலை இல்லாம வீட்டுக்கு வராத. ஒம் முதுகுக்கு எண்ணெ தேச்சே என் கை தேஞ்சு போச்சு."

சாலையைப் பார்த்த கோயில் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். குழந்தைவேலு அண்ணாந்து பார்த்தான்.

"செட்டியாரய்யா, பந்தலும் நெழல்தானே?"

செட்டியார் கொஞ்சம் யோசித்தார். பந்தலைப் பிரித்தார்கள்.

பங்குனி வெயில். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுவாமிகள் தலையைத் தொட்டுக் காட்டினார். பிறகு சூரியனைக் காட்டினார்.

"சூரிய உபாசனை" என்று கூட்டத்துக்கு விளக்கினார் செட்டியார்.

சுவாமிகள் எழுந்து குழந்தைவேலுவை நோக்கி வந்தார். அவன் பதறிப் பின்வாங்கினான். அவர் வேகமாக வந்தார். அவன் இன்னும் வேகமாக நகர்ந்தான். இப்படியே கோயிலை மூன்று முறை சுற்றினார்கள். மக்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றினார்கள்.

"வலம் வர்றாக!" என்று செட்டியார் கண் கலங்கினார்.

சாயங்காலம் நிழல்கள் நீண்டன. குழந்தைவேலு கூட்டத்தைத் தடியால் தள்ளித் தள்ளி, சாலைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டான். அப்போது டிராம் வந்தது. அவன் தண்டவாளத்தில் குறுக்கே நின்றான்.

"வழி விடுங்கண்ணே!" என்று கத்தினார் கண்டக்டர் ஜாபர்.

"சாமி மேல வண்டி நெழல் விழும். இப்படியே பின்னால போ."

"கெளம்புன கெமண்டைன் வரைக்கும் பின்னாலயே போவட்டுமா? இல்ல, நெழலக் கழட்டிக் குடுத்துட்டுப் போவட்டுமா?"

டிராம் நின்றது. அதன் பின்னால் இன்னும் மூன்று நின்றன. அவ்வளவும் சுவாமிகளைத் தரிசிக்க நின்ற வண்டிகள் என்று செட்டியார் பெருமைப்பட்டார்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தைவேலுவின் சொந்த நிழல், சாலையைத் தாண்டி சுவாமிகளின் பாதத்தை நோக்கி ஊர்ந்தது. அவன் குனிந்தான். போதவில்லை. குந்தினான். முண்டாசு நிழல் விடவில்லை. கடைசியில் தண்டவாளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான், தடியை மட்டும் கையில் விறைப்பாகப் பிடித்தபடி.

"இந்தாளு என்ன செத்துட்டானா?" என்றார் ஜாபர்.

"காவல் காக்குறேன்" என்றான் குழந்தைவேலு, மண்ணைத் துப்பிவிட்டு.

சூரியன் கூரைகளுக்குப் பின்னால் இறங்கியது. சுவாமிகள் மிளகாய்ப்பழ நிறத்தில் நாற்காலியோடு சரிந்து கிடந்தார்.

"அதுக்கப்புறம் ஒரு நெழல் படல!" என்று செட்டியார் கைகூப்பினார். "எந்திரிடா குழந்தைவேலு. வாசக்காவல் ஒனக்குத்தான்."

அவன் எழுந்து மண்ணைத் தட்டினான். பவுனம்மாளுக்குச் சொல்லி அனுப்ப ஆள் தேடினான்.

வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. சீடர் தியாகராசன் தள்ளாடி இறங்கினார். சுவாமிகளைப் பார்த்தார். பிரித்துப் போட்ட பந்தலைப் பார்த்தார். குழந்தைவேலுவின் முழு உயரத்தையும் கீழிருந்து மேலே பார்த்தார். செட்டியார் வேல்காரர் கதையோடு நிழல் காவலைப் பெருமையாக எடுத்துச் சொன்னார்.

"வேல் பிடிச்ச காலமெல்லாம் என்னைக்கோ போச்சு, செட்டியாரே. சாமி குடை பிடிக்கிறதில்ல. வெயிலுக்குக் குறுக்க நின்னு நெழல் குடுக்கத்தானே தந்தியில இவ்வளவு உசரத்துல ஆள் கேட்டேன்?"