அட்சதைக்குத் தடை போட்ட பிட்ரேட் அண்ணன்

தாலி கட்டப்போகும் மாப்பிள்ளையைப் பார்த்து ‘அசையாதீங்க’ என்று அதட்டக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் கல்லடி ஊர் பிட்ரேட் அண்ணன். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமோ தெரியாது.

கல்யாணம், திருவிழா எதுவானாலும் இணையத்தில் நேரலையாக அனுப்புவது அவர் தொழில். கமரா என்னுடையது, கணினியும் கட்டளையும் அவருடையவை. நானோ கணினி படித்து முடித்த சூட்டோடு வந்தவன். ஃபுல் எச்டி, செக்கனுக்கு அறுபது ஃபிரேம் என்று குதிப்பேன்.

“ஆருக்கு மனே அறுபது? பாக்கிறவர்ர போன் தாங்குமா?” என்று என்னை மகனாக்கிக் கேட்பார் அண்ணன்.

அதுதான் அவர் பைத்தியம். பார்க்கப்போகிறவர்களில் ஆக மோசமான இணைப்பு யாருக்கென்று விசாரித்து, அவருக்கு ஓடுகிற அளவில்தான் எல்லாருக்கும் படம் அனுப்புவார். கனடாச் சித்தப்பா சுவரளவு டிவிக்கு முன்னால் இருந்து திட்டினாலும் கவலையில்லை.

செக்கனுக்கு எவ்வளவு தரவு போகலாம் என்பதுதான் பிட்ரேட். படத்தில் அசைவு கூடினால் அது போதாமல் படம் சதுரம் சதுரமாக உடையும். ஆகவே அசைவதெல்லாம் அண்ணனுக்கு எதிரி. மின்னுகிற சோடனை லைட்டைப் பிடுங்குவார். காற்றில் ஆடுகிற தோரணத்தைக் கட்டிவைப்பார். ஓமப்புகையைக் குறைக்கச் சொன்னபோது ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அக்கினிக்கும் செற்றிங் இருக்கோ?”

ஒருநாள் மாங்கேணிப் பெண்ணொருத்தியின் கல்யாணம். அப்பா கட்டாரில், லீவு கிடைக்கவில்லை. அறையில் பத்துப் பேர் பங்குபோடும் வைஃபை. மூத்தவள் கல்யாணத்தையும் அப்படித்தான் பார்த்தாராம். சரியாகத் தாலி ஏறும்போது அட்சதை பறந்து, மருமகன் வெறும் சதுரமாகிப் போனார்.

“தம்பி, இவளுக்கு ஏறுறதயாவது கண்ணால கண்டிரணும்” என்று போனில் அண்ணனிடம் கெஞ்சினார்.

அண்ணன் படத்தின் தெளிவை 480க்கு இறக்கினார், ஃபிரேமைப் பாதியாக்கினார். சத்தத்தில் மட்டும் கை வைக்கவில்லை. “மேளம் விக்கப்படா.”

கெட்டிமேளம் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கைகள் அரிசியும் பூவுமாக உயர்ந்தன. அண்ணன் மணவறைக்கு முன்னால் பாய்ந்து, ஒரு கையை உயர்த்தியபடி குந்தினார்.

“ஒருத்தரும் எறியப்படா! அப்பா பாக்கட்டும்!”

மண்டபமே ஓங்கிய கையோடு உறைந்தது. மாப்பிள்ளையும் தாலியோடு உறைந்துவிட்டார்.

“நீங்க கட்டுங்க மாப்பிள்ள!”

“ஆருகா இவன்?” என்றார் பின்னாலிருந்த பெரியம்மா.

முடிச்சு விழுந்தது. நேரலை என்று பெயர்தான். கட்டாருக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் செல்லும். அண்ணன் கட்டார் அப்பாவை அழைத்துப் போனைக் காதில் வைத்தபடி மற்றக் கையை இறக்கவேயில்லை. தவில்காரர் வியர்த்து வழிய அடித்துக்கொண்டே இருந்தார். கமராவுக்குப் பின்னாலிருந்து நான் கெஞ்சினேன்: “அண்ணே, விடுங்க, அடிக்கப் போறாங்க!”

அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டார். உடைந்த குரலொன்று மேளத்துக்கு மேலால் வந்தது.

“கண்டுட்டன்! என்ட புள்ளைக்குத் தாலி ஏறிற்று! எறியச் சொல்லுங்க தம்பி!”

கொட்டினார்கள் பாருங்கள்! பெரியம்மாவின் பிடி அரிசி முழுவதும் அண்ணனின் கீபோர்டில்தான் விழுந்தது.

அதற்குள் ஒரு அரிசி இன்னும் கிடக்கிறது. ஒரு கட்டை அமுங்காது. கழற்றித் தருகிறேன் என்றால், “கிடக்கட்டும் மனே” என்பார். இப்போதெல்லாம் நானும் ஸ்க்ரூட்ரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறேன்.