வடிவுக்கு ஒரு கடன் வரலாறு

பொங்கல் கழிந்த மறுநாள் காலை, காப்பியைக் கையில் வாங்கியபோது பகவதிப்பெருமாள் ஒரு பெரிய முடிவு எடுத்தார். மனைவி வடிவாம்பாளை ஆறே மாதத்தில் கடன்காரி ஆக்கிவிடுவது.

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறவர். ஒருவரிடமும் பத்து ரூபாய் கைமாற்று வாங்கியதில்லை. 'என் வீட்டு நகை அடகுக்குப் போகாது' என்று கல்யாணத்தன்றே மாமனாரிடம் சொன்னவர். ஊரில் சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

ஆனால் இப்போது வேறு வழியில்லை. வாடகை வீட்டுக்காரர் ஓணத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். கரமனையில் ஒரு ஃப்ளாட் பார்த்து ஐம்பதாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. ஓணத்துக்குள் வங்கிக் கடன் வராவிட்டால் ஃப்ளாட்டும் போச்சு, அட்வான்ஸும் போச்சு. ஐம்பதாயிரம் போனால் எங்கே போய்த் தேடுவது? கடன் இரண்டு பேர் பெயரிலும்தான் கிடைக்கும், இரண்டு பேருக்கும் பழைய கடன் வரலாறு பார்ப்போம் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள்.

"ஏட்டி வடிவு, உனக்கு ஹிஸ்டரி இருக்கா?"

"எட்டாங்கிளாஸ்ல இருந்துச்சு. அம்பத்தாறு மார்க்கு."

"அது இல்ல. கடன் ஹிஸ்டரி. என்னைக்காவது கடன் வாங்கி ஒழுங்கா அடைச்சிருக்கியான்னு பேங்க்ல பாப்பான்."

வடிவு தோசையைத் திருப்பிப் போட்டாள். "கடன்னு ஒரு வார்த்தை சொன்னா நீங்க நாலு நாளு சாப்பிட மாட்டியள்லா."

"அதான் சிக்கலு. கடனே வாங்காத ஆள பேங்க் நம்பாது."

"வாங்காத ஆள நம்பாதா?"

"நம்பாது."

"அப்போ நீங்க?"

"நான் கணக்கப்பிள்ளைட்டி. இருபத்தாறு வருஷமா என் சம்பளம் அந்த பேங்க்லதான் விழுது. எனக்கு என்னத்தப் பாக்கான்?"

"செரி," என்றாள் வடிவு. தோசை கருகாமல் தட்டுக்கு வந்தது.

அன்று சாயங்காலமே கிழக்கேகோட்டையில் ஒரு பாத்திர, மின்சாதனக் கடைக்குப் போனார்கள். அவர் திட்டம் ஒரு மிக்ஸி. வடிவு பெயரில் தவணை. பணம் அவர் கொடுப்பார், பெயர் அவள் வாங்குவாள்.

"மிக்ஸிக்கு எம்புட்டு ஹிஸ்டரி வரும்?" என்று கேட்டாள் வடிவு. "மூணு மாசத்துல முடிஞ்சிரும். ஃப்ரிட்ஜுன்னா கொஞ்சம் கனமா இருக்காதா?"

இவ்வளவு சீக்கிரம் பாடம் பிடிபட்டதில் பகவதிப்பெருமாளுக்கு மனம் நிறைந்துபோயிற்று. ஒன்பது வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் அது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

தவணை எழுதும் மேஜையில் சஜின் என்ற பையன் இருந்தான். வடிவின் நம்பரைத் தட்டினான். திரையைப் பார்த்தான். எழுந்து நின்றான். தன் நாற்காலியையே தூக்கி வடிவுக்குப் போட்டு, "சேச்சிக்கு ஒரு சாயா," என்று உள்ளே குரல் கொடுத்தான்.

கணக்கப்பிள்ளை கூட வந்திருக்கிற மரியாதை என்று பகவதிப்பெருமாள் மீசையைத் தடவிக்கொண்டார்.

அதன்பிறகு மாதம் பிறந்தால் வீட்டில் வகுப்பு.

"அஞ்சாந்தேதிக்குள்ள கட்டிருவியா?"

"கட்டிருவேன்."

"மறந்துட்டேன் கிறந்துட்டேன்னு சொல்லப்படாது."

"சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. ஒரே கடனா இருந்தா, ஏதோ வாங்கிட்டான்னு நெனைப்பாங்க. ரெண்டு இருந்தா நம்பிக்கை கூடும்லா?"

வாஷிங் மெஷின் வந்தது.

ஆடி மாதம் வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவில் சிஜி என்ற பெண் அதிகாரி. திரையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"மேடத்துக்கு எண்ணூத்திப் பதினொண்ணு ஸ்கோர் உண்டு. எங்க மேனேஜருக்கே இத்தனை இல்ல."

பகவதிப்பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறு மாசம். நான்தான் பழக்கினேன்."

"ஆறு மாசமா? இது பதினொண்ணு வருஷம் சாரே. பதினொண்ணு கோல்ட் லோன். எல்லாம் தேதிக்கு முன்னாலயே அடைச்சிட்டுண்டு."

பகவதிப்பெருமாள் மெல்லத் திரும்பினார்.

"ஏட்டி, நகை லாக்கர்லல்லா இருக்கு? வருஷா வருஷம் எங்கிட்ட லாக்கர் வாடகைன்னு ரூவா வாங்குதியே?"

"லாக்கர் எங்க கிடைக்கு? கேட்டு நிக்கவங்களே நூறு பேரு. நகைய அடகு வச்சா அவங்களே பத்திரமா பூட்டி வைக்காங்க. நாலாயிரம் வாங்கினா வருஷத்துக்கு வட்டி நானூறு. லாக்கர் வாடகை மூவாயிரம். கல்யாணம் காட்சி வந்தா மீட்டு வந்து போட்டுக்கிடுவேன். திரும்பக் கொண்டு வைப்பேன்."

"அப்போ மிச்சம்?"

வடிவு காதைத் தொட்டுக் காட்டினாள். போன ஓணத்துக்கு, 'உங்க அம்மா வீட்டுக் கம்மலா, நல்லாருக்கே' என்று அவரே புகழ்ந்த கம்மல்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க அதுக்குள்ள கடைக்குக் கெளம்பிட்டிய. ஆசையா பாடம் நடத்துத ஆள குறுக்க பேசலாமா?"

சிஜி தொண்டையைச் செருமினாள். "சாரோட ஸ்கோர்தான்... மைனஸ் ஒண்ணு."

"மைனஸா?"

"ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். சார் ஒரிடத்தும் கடன் வாங்கிட்டில்ல. கம்ப்யூட்டருக்கு சார் யாருன்னே அறியாது."

பகவதிப்பெருமாளுக்குக் கண் முன்னால் கரமனை ஃப்ளாட் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போயிற்று. பின்னாலேயே ஐம்பதாயிரமும்.

"பயப்படாண்டாம்," என்றாள் சிஜி. "மேடம் முதல் பேரு, சார் ரெண்டாம் பேரு. சம்பளம் சாரோடது, நம்பிக்கை மேடத்தோடது. லோன் கிட்டும். பெண்ணுங்களுக்கு வட்டியும் கொஞ்சம் குறவு."

பகவதிப்பெருமாள் மனைவியைப் பார்த்தார். அவர் எழுதும் கணக்கிலேயே வருடத்துக்கு ஒரு தப்பாவது வரும். இவள் பதினோரு வருடம், ஒரு நாள் பிந்தவில்லை. சமையல்கட்டில் நின்றுகொண்டே அவருக்கு வீடு வாங்கித் தந்திருக்கிறாள். கோபப்படலாம் என்று ஆரம்பித்தார். கை தானாகக் கும்பிடப் போயிற்று.

"சாரும் சின்னதா ஒண்ணு வாங்கி அடைச்சா நல்லது," என்றாள் சிஜி.

அன்று சாயங்காலம் அதே கடை. அதே மேஜை. இந்தத் தடவை மிக்ஸியேதான், அவர் பெயரில். சஜின் நம்பரைத் தட்டினான். திரையைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"சாருக்கு ஒண்ணும் காணல்லியே. பரிச்சயமுள்ள யாராவது ஜாமீன் போட்டா தரலாம்."

வடிவு நாற்காலியில் உட்கார்ந்து சாயாவைக் குடித்து முடித்திருந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சாந்தேதிக்குள்ள கட்டிருவியளா?"

"கட்டிருவேன்," என்றார் பகவதிப்பெருமாள்.