பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நானூறு பேர்

அம்பிட்டிய வீதி,
கண்டி.

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்களுக்கும் அக்காவுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும் என்று தொடங்குவதுதான் முறை, அப்படியே தொடங்குகிறேன். இங்கே றஞ்சனா சுகம், மயூரதன் சுகம், என்னுடைய இரத்த அழுத்தம் மட்டும் சுகமில்லை. கிழமைக்கு மூன்று தரம் வாட்ஸப்பில் கதைக்கிற மனிதன் எதற்காகப் பேனாவை எடுத்தான் என்று யோசிப்பீர்கள். இதை எந்தக் கருவியிலும் சொல்ல எனக்குத் துணிவில்லை அத்தான். இந்தக் கடிதத்தைக்கூடப் பக்கத்துத் தபாற்கந்தோரில் போடாமல், பஸ் ஏறிப் போய்ப் பிலிமத்தலாவையில் போடுவதாக இருக்கிறேன்.

விஷயம் எங்கள் பிள்ளை மயூரதனைப் பற்றியது. அவன் வங்கி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன். அது என்ன வேலை என்று எனக்கே போன மாதம்தான் விளங்கியது. சனம் படமும் கதையும் போட்டுப் பேசிக்கொள்கிற தளங்கள் எல்லாம் இரண்டு மூன்று பெரிய கம்பனிகளின் கையில் இருக்கின்றனவாம். அது வாடகை வீடு மாதிரியாம், வீட்டுக்காரன் நினைத்த நேரம் பூட்டை மாற்றலாமாம். இவனும் கம்பளையில் இருக்கிற இவனுடைய சிநேகிதன் ரிஸ்மியும் சேர்ந்து செய்வது வேறு ஒன்றாம். ஊருக்கு ஒரு சின்ன வீடு, வீடுகளுக்கு நடுவே எல்லோருக்கும் பொதுவான பாதை, பாதையில் போவதற்கு எவரும் வாசிக்கக்கூடிய விதிகள், அந்த விதிப்படி எவரும் தனக்கொரு வீடு கட்டிக்கொள்ளலாம். இதுவரை எனக்கும் சந்தோஷம்தான். அந்த வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சாப்பாட்டு அறையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், பிஸ்கட் டின் அளவில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினான். அதை நான் இரண்டு மாதமாக மின்சாரத்தைச் சீராக்குகிற சாமான் என்று நினைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். கண்டிப் பக்கத்து ஆட்கள் நானூறு பேர் அதற்குள் இருக்கிறார்களாம்!

"இதுக்கு முதலாளி ஆர்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை அப்பா. அதுதான் இதின்ரை விசேஷமே."

"அப்ப நாளைக்குப் பொலிஸ் வந்தால் ஆரைக் கேப்பினம்?"

அவன் வாய் திறக்கும் முன் குசினிக்குள்ளிருந்து றஞ்சனா பதில் சொன்னாள். "வேறை ஆரை? வீட்டுக்காரரைத்தான்." அன்று போன நித்திரை இன்னும் திரும்பவில்லை.

காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஜெர்மனியில் ஒரு நிதியமாம். கட்டி முடித்ததைத் தங்களுக்குச் சொந்தமாக்க வேண்டாம், ஊருக்கெல்லாம் இலவசமாகத் திறந்து வையுங்கள் என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனையாம். அத்தான், அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்த நான், காசைக் கொடுத்துவிட்டுப் பொருள் வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் கண்டதில்லை. ஒரு தமிழ்ப் பொடியன், ஒரு வெளிநாட்டுக் காசு, ஒரு மினுங்குகிற பெட்டி. இந்த மூன்றையும் ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள், நீங்களும் ஒருதரம் வாசலை எட்டிப் பார்ப்பீர்கள்.

உள்ளே என்னதான் எழுதுகிறார்கள் என்று ஒருநாள் மயூரதனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மடுல்கெல்லையில் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் "காலை பஸ் இன்றும் வரவில்லை" என்று எழுதியிருந்தார். இது அரசாங்கப் போக்குவரத்தைக் குறை சொல்வதில்லையா? இன்னொருவர் தன் ஒழுங்கையில் குப்பை அள்ளவில்லை என்று படத்தோடு போட்டிருந்தார். அது மாநகர சபையைக் குறை சொல்வது. பிரேசிலில் இருக்கிற யாரோ ஒருவன் அந்தக் குப்பைப் படத்துக்கு இரண்டு கை கூப்பியிருந்தான். அவன் எதற்காகக் கும்பிட்டான், இதற்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரணையில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? நாற்பது வருடமாக ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக்கூட ஒரு வரி எழுதாமல் வாயை மூடிக் குடித்தனம் நடத்தினேன். இப்போது கண்டி முழுவதும் பேசுகிற பேச்சு என் வீட்டுக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த யுத்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் யாராவது ஒரு இரவு தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். நீங்களும் அக்காவும் கொழும்புக்குப் போகிற வழியில் வந்து நின்றபோதுகூட, சாப்பாடு போடுவதற்கு முன்னரே உங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தேன். அக்கா அதற்காக மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் நாங்கள் ஒரு கரைச்சலும் இல்லாமல் தப்பினோம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இரண்டு பேருக்கே பதிந்தவன் நானூறு பேரைப் பதியாமல் இருக்கலாமா? போன திங்கட்கிழமை கந்தோருக்குப் போடுகிற நீளக் காற்சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, மயூரதனுக்குச் சொல்லாமல் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

மேசையில் ஒரு இளம் பெண் சார்ஜன்ட் இருந்தார். என் வீட்டில் நானூறு பேர் மேலதிகமாக இருக்கிறார்கள், முறைப்படி பதிய வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் சொன்னேன். அவர் எழும்பிவிட்டார். எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டார். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் என்றேன். சாப்பாடு? மின்சாரம் மட்டும்தான் என்றேன். அந்தப் பிள்ளை என்னைக் கதிரையில் இருத்தி, குடிக்கப் பிளேன்ரீ வரவழைத்து, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மெதுவாக விசாரித்தது. கடைசியில் நான் முழுவதையும் விளக்கினேன். அந்தப் பதிவெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது ஐயா, கவலைப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பியது. ஆனால் நான் படியிறங்கும்போது பின்னால் வந்து, அந்தத் தளத்தின் பெயர் என்ன என்று கேட்டுத் தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டது. நான் பஸ்ஸைக்கூடப் பாராமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் மயூரதன் பாணைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டே, "அப்பா, ஒரு பொலிஸ் அக்கா புதுசா எங்கடை வீட்டிலை சேர்ந்திருக்கிறா" என்று சிரித்தான். நான் பதிவு செய்யப் போய்ப் பொலிஸையே வீட்டுக்குள் குடியேற்றிவிட்டேன் அத்தான்! அவர் முதலில் எழுதியது, தன்னுடைய அந்தூரியம் இலைகள் ஏன் மஞ்சளாகின்றன என்ற ஒரு கேள்வி. அதில் வேறு என்ன கருத்து மறைந்திருக்கிறது என்று நான் எட்டுத் தரம் வாசித்தேன். நானூறு பேரில் முக்கால்வாசிப் பேர் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் பயமில்லை. ரீச்சர் சாம்பல் போடச் சொல்கிறார்.

இதற்கு மேல் என்னால் தாங்க முடியாது. வாசலில் ஒரு வாகனம் நின்றால் என் நெஞ்சு அடிப்பது றஞ்சனாவுக்குக் கேட்கிறது. எனக்கிருப்பது ஒரேயொரு மகன், அவனை யாரும் கேள்வி கேட்கக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிற வயது எனக்கு இல்லை. என்னுடைய பேச்சு எடுபடாது, மாமா சொன்னால் கேட்பான். அந்தப் பெட்டியை நிற்பாட்டிவிட்டு, ஜெர்மன்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, வங்கிக்குத் திரும்பிப் போகும்படி அவனுக்கு ஒரு கடுமையான கடிதம் எழுதுங்கோ. இதை ஒரு காலில் நின்று கேட்கிறேன்.

அக்காவின் முழங்கால் நோ குறையவும், பேரப்பிள்ளைகள் தமிழில் நாலு சொல்லாவது கதைக்கவும் கதிர்காமக் கந்தன் அருள் செய்யட்டும். றஞ்சனா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், பயத்தைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

தங்கள் அன்பு மைத்துனன்,
நவரட்ணராஜா

பி.கு. மேலே எழுதிய ஒன்றையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் நானே துணிந்துவிட்டேன். மயூரதன் தலைமயிர் வெட்டப் போயிருந்த நேரம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவன் வந்தால் பெரிய சண்டை நடக்கும் என்று மாத்திரையும் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவன் கோபிக்கவில்லை. அதற்குள் ரிஸ்மி தொலைபேசி எடுத்துவிட்டான். "அங்கிள், பயப்படாதீங்க, எல்லாரும் பத்திரமா கம்பளைக்கு வந்திட்டாங்க" என்றான். ஒரு வீடு திடீரென்று மூடப்பட்டால், உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு திறப்போடு அடுத்த வீட்டின் பூட்டைத் திறந்து உள்ளே போய்விடலாமாம். ஜெர்மன்காரர் காசு கொடுத்ததே அந்தப் பகுதியைக் கட்டுவதற்குத்தானாம். எதையெல்லாம் கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். "எல்லாத்தையும்தான் அப்பா. படம், எழுதினது, சிநேகிதர், எல்லாம். ஒண்டும் விடுபடேல்லை" என்றான் மயூரதன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கட்டுகஸ்தோட்டை வீட்டை விட்டு ஓடியபோது நான் கொண்டுவந்தது ஒரு துணிப்பை. எங்கள் கலியாண அல்பம் அங்கேயே போய்விட்டது, அதற்குப் பிறகு றஞ்சனாவின் கலியாணக் கோலத்தை நான் பார்க்கவில்லை. கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன் அத்தான். பிறகு பெட்டியை வெளியே எடுத்துப் பிளக்கைக் கொழுவினேன்.

ஆனால் ஒருவரும் திரும்பி வரவில்லை. நடந்ததைச் சொல்லி, திரும்பி வரும்படி மயூரதன் எழுதினான். "அந்த வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?" என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். பொலிஸ் பிள்ளைக்கும் யோசனையாக இருக்கிறதாம். எல்லோருக்கும் பயந்து சீவித்த எனக்கு நானூறு பேர் பயந்து கிடக்கிறார்கள். பெட்டி வெறுமையாக மினுங்குகிறது, பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. அத்தான், நீங்களாவது முதலில் வந்து எங்கள் வீட்டில் சேருங்கோ. இந்தமுறை உங்களைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன்.