வெர்னன் வாங்கிய ஐந்நூற்று அறுபத்தெட்டு

வட்டி நிபுணர்கள் என்று ஓர் இனம் உண்டு. வங்கியில் வேலை பார்ப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் சம்பளத்துக்குப் பேசுகிறவர்கள். இந்த இனம் காசு வாங்காமல் பேசும். காலையில் பல் தேய்க்கும் முன்பே இன்றைய வட்டி எவ்வளவு என்று போனில் பார்க்கும். பெட்ரோல் போடும் இடத்தில், முடிவெட்டும் நாற்காலியில், துக்க வீட்டில் சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்தில் என்று எங்கு நின்றாலும், உங்கள் வீட்டுக் கடனை எப்போது அடைத்து எப்போது புதிதாக எடுக்க வேண்டும் என்று சொல்லித்தரும். வங்கிக்குள் மட்டும் பேசாது. வங்கி அதை உள்ளே விடாது.

எங்கள் ஒஹாயோவில், டேட்டன் நகரில், தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். எங்கள் தெருவுக்கு வெர்னன் ஹாஸ்டெட்லர். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் வேலை, வயது ஐம்பத்தாறு. சனிக்கிழமை காலைகளில் முனைச் சாப்பாட்டுக் கடையில் முட்டையும் பொரித்த உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருக்க, நண்பர் டேல் ஸ்காக்ஸுக்குப் பாடம் நடக்கும்.

"இப்ப கடனை மாத்தாதடா டேல். பொறு. இன்னும் அரை பர்சன்ட் இறங்கும்."

டேல் பொறுத்தார். இறங்கியது. மாற்றினார். மாதம் இருநூறு டாலர் மிச்சம். வெர்னன் பேச்சைக் கேட்டு எங்கள் தெருவில் மூன்று குடும்பம் பிழைத்துக்கொண்டது. வெர்னன் மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று கேட்டால், "சரியான நேரம் வரட்டும்" என்பார்.

நேரத்தில் கோளாறில்லை. கோளாறு எண்ணில் இருந்தது. கடனையும் பில்லையும் எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று பார்த்து எங்கள் நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் போடுவார்கள். எண்ணூற்று ஐம்பதுக்கு வெர்னன் வாங்கியிருந்தது ஐந்நூற்று அறுபத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் இது பாஸ். வங்கியில் இதை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காரலாம், அவ்வளவுதான்.

கையில் காசில்லாமல் வந்த எண் என்று நினைத்துவிடாதீர்கள். வெர்னன் கட்டாமல் விட்டதெல்லாம் மானத்துக்காக. பல் வைத்தியர் எண்பத்தாறு டாலர் பில் அனுப்பியபோது, பிடுங்க ஆனது ஒரே நிமிடம், நிமிடத்துக்கு எண்பத்தாறா என்று கேட்டு, மூன்று வருடமாகக் கட்டவில்லை. போன் கம்பெனிக்காரன் மரியாதையில்லாமல் பேசினான், அவனுக்கும் கட்டவில்லை. கடனில் ஒரு படகு வாங்கினார். அதன் தவணையைக் கோடையில் மறந்துவிடுவார், ஏனென்றால் கோடையில் படகில் இருப்பார்.

அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் கூரை மாற்றுவதற்காக வீட்டின் மேல் புதிதாக எடுத்த கடனைப் பற்றியது அது. முதல் மூன்று வருடம் வட்டி குறைவு, அதன்பின் ஏறும். மனைவி லோர்னா சாப்பாட்டு மேசையில் அதை உரக்கப் படித்தார்.

"ஜனவரியிலிருந்து ஆயிரத்து ஐந்நூத்தி அறுபதாம், வெர்னன். இப்ப கட்டுறதவிட நானூத்தி இருபது கூட."

"மாத்திடலாம். அதுக்குத்தானே நான் வட்டியைப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"மூணு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்க. மாத்தலைன்னா வீட்டை வித்துட்டு எங்கயாவது வாடகைக்குப் போகணும். அது தெரியுமா?"

வெர்னன் உப்பு டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

மறுநாள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கடன் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனார். அங்கே பெர்னிஸ் டில்லார்ட் என்ற அம்மாள், பத்து நிமிடம் வட்டியைப் பற்றி அவர் நடத்திய வகுப்பைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணினியைத் தட்டினார். பிறகு இன்னொரு தடவை தட்டிச் சரிபார்த்தார்.

"மிஸ்டர் ஹாஸ்டெட்லர், எங்களுக்குக் குறைஞ்சது அறுநூத்தி இருபது வேணும். உங்களுது ஐந்நூத்தி அறுபத்தெட்டு."

"அந்த நம்பர் தப்பு."

"எது தப்புங்க?"

"என்னைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

"பல் வைத்தியருக்கு எண்பத்தாறு டாலர் கட்டலைன்னு தெரியும்."

"அது கொள்கைம்மா."

பெர்னிஸ் திரையை மேலும் கீழும் பார்த்தார். "கொள்கைக்கு இதுல கட்டம் இல்லீங்க."

இந்த இனத்தை ஒரு கதவு மறுத்தால் அது என்ன செய்யும்? மறுக்கவே மறுக்காத கதவைத் தேடிப் போகும். மதிப்பெண் எதுவானாலும் வாருங்கள் என்று தொலைக்காட்சியில் ஒருவர் இரு கைகளையும் விரித்து அழைத்துக்கொண்டிருந்தார். வெர்னன் போனார். அங்கே அவரை யாரும் எதற்கும் குறை சொல்லவில்லை, காப்பி கொடுத்தார்கள், அவருடைய வட்டி ஞானத்தைக் கேட்டு வியந்தார்கள். நாற்பது பக்கக் காகிதத்தோடு வீடு திரும்பியவர், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

லோர்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தை வாங்கினார். பள்ளிச் சமையல்கூடத்தை நடத்துகிறவர். சரக்குப் பட்டியலைக் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம். பதினேழாம் பக்கத்தில் நின்றார்.

"மாசம் ஆயிரத்து எண்ணூறுன்னு போட்டிருக்கான். எதுலருந்து தப்பிக்கப் போனியோ அதவிட இது கூட. ஒன்பதாயிரம் செலவு வேற. நீ இதப் படிச்சியா?"

"அவங்க நல்லாப் பேசினாங்க."

"பேசுவாங்க." பேனாவை வாங்கி மூடினார். "அந்த டில்லார்ட் அம்மாகிட்ட என் பேர்ல கிடைக்குமான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு கேள்வி வெர்னனுக்குத் தோன்றியதே இல்லை.

இருவரும் போனார்கள். பெர்னிஸ் தட்டினார். இந்தத் தடவை உடனே நிமிர்ந்தார். "எழுநூத்தி எழுபத்தொண்ணு!"

"எப்படி?" என்றார் வெர்னன். ஒரு நிபுணர் கேட்கிற குரல் இல்லை அது.

"பில் வந்தாக் கட்டுவேன்" என்றார் லோர்னா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

லோர்னாவின் சம்பளத்துக்கே கடன் கிடைக்கும், மாதம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு, என்றார் பெர்னிஸ். வீடு வழக்கம்போல இருவருக்கும்தான். கடனில் மட்டும் வெர்னன் பெயர் வராது. கணவருக்கு இது தெரியும் என்று ஓர் ஓரத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் போதும். வெர்னன் பெயரையும் சேர்த்தால்? "சேத்தா ரெண்டு பேர் மதிப்பெண்ல எது குறைச்சலோ அதைத்தான் எடுப்போம்" என்றார் பெர்னிஸ், மேசையைப் பார்த்துக்கொண்டு.

வெர்னன் எழுந்து வெளியே போனார். வண்டியில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டார்; முடுக்கவில்லை. ஊரில் மூன்று குடும்பத்துக்கு வழி காட்டியவர், தன் வீட்டுக்கு ஓரத்துக் கையெழுத்து. கண் கலங்கவில்லை, மூக்கு மட்டும் இரண்டு தடவை சிந்தினார். லோர்னா வந்து பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"டேல் என்ன நினைப்பான்?" என்றார் வெர்னன்.

"டேல் நம்ம தவணையக் கட்டப் போறானா?"

"இல்ல."

"எனக்கு அந்தச் சமையலறை ஜன்னல் பிடிக்கும் வெர்னன். பிப்ரவரியிலயும் அங்க நின்னு பாத்திரம் கழுவணும்னு ஆசை. உள்ள வா, அந்த அம்மாவுக்கு மதியச் சாப்பாட்டு நேரமாச்சு."

வந்தார். சொந்தப் பேனாவால் போட்டார். ஓரம்தான் என்றாலும் கையெழுத்து பெரிதாக இருந்தது. பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் கொஞ்சம் போயிற்று.

அடுத்த வாரம் எண்பத்தாறு டாலரை உறையில் போட்டுக்கொண்டு பல் வைத்தியரிடம் போனார். மன்னிப்புக் கேட்க நேர்ந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். வைத்தியர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கடனை எப்போதோ ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்றாள் வரவேற்பறைப் பெண். சண்டையின் எதிராளி ஃப்ளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருக்க, வெர்னன் இங்கே தனியாகவே தோற்றார். வசூல் கம்பெனிக்கு அன்றே கட்டினார். படகையும் விற்றார். ஜனவரி வந்தது, வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

சனிக்கிழமைப் பாடங்கள் நிற்கவில்லை. "நாங்க மாத்திட்டோம். குடும்பத்துல கலந்து பேசி ஒரு ஏற்பாடு பண்ணினோம்" என்று முட்டையைக் குத்தியபடியே சொல்வார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் நினைவு வந்திருப்பார். மைத்துனராக இருக்கலாம், அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரராக இருக்கலாம். இதை அவருக்கு அனுப்பி வைத்தால் என்ன என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இது உங்கள் கைக்கு எப்படி வந்தது? யாராவது அனுப்பினார்களா?