சங்கிலிக் காணிக்கை

வாகனானந்த சுவாமிகள் தியாகராய நகருக்கு எழுந்தருளிய நாள் முதல் பனகல் பூங்காப் பக்கம் நடக்க வழியில்லை. பூங்காவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு காலி மனை. அதில் அவருடைய ரதம். ரதம் என்றால் குதிரை பூட்டிய ரதமல்ல. பர்மாச் சண்டையில் அடிபட்டுத் திரும்பிய பட்டாளத்து வண்டி. அதற்குக் காவிப் பெயிண்டு அடித்து, பின்பக்கம் பட்டுத் திரை தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சுவாமிகள் உண்பது, உறங்குவது, அருள்வது எல்லாம் அதில்தான். ஜனங்கள் மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் சாரிசாரியாக வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் வண்டி வீட்டுக்காரர்கள்.

வண்டி வீடு என்றால் என்ன என்று சொல்லிவிடவேண்டும். சண்டை முடிந்தது. வெள்ளைக்காரனும் மூட்டை கட்டினான். பட்டணத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. பட்டாளத்தார் ஏலம் விட்ட ஆம்புலன்சையும் லாரியையும் சிலர் வாங்கினார்கள். உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, பின்னால் படி அடித்துக் குடியேறினார்கள். வாடகை இல்லை, வீட்டுக்காரன் முகத்தில் விழிக்கவேண்டியதில்லை. ஒரே ஒரு சங்கடம், வீட்டுக்குச் சக்கரம் இருந்தது. பட்டாளத்து வண்டிக்குச் சாவியும் கிடையாது. சுவிட்சைத் தட்டி ஹாண்டிலைச் சுற்றினால், யார் வீடும் யாரோடும் போய்விடும்.

போகவும் போயின. ஜனங்கள் சக்கரத்தை மரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டிப் பூட்டினார்கள். அது புத்திசாலித்தனமான காரியம். ஆகவே அது நீடிக்கவில்லை. சுவாமிகள் வந்துவிட்டார்.

சுவாமிகள் கொடுத்தது காவல் தகடு. வண்டிக்குள் ஆணியடித்து மாட்டவேண்டிய ஒரு பித்தளைத் துண்டு. தொட்ட திருடனுக்குக் கை விளங்காது. இந்துவுக்குச் சூலம் பொறித்தது, முஸ்லிமுக்குப் பிறை, கிறிஸ்தவருக்குச் சிலுவை. தகடு என்னவோ ஒரே பட்டறையில் வெட்டியது. மத ஒற்றுமைக்காக நாட்டில் பெரிய மனிதர்கள் பட்டினி கிடந்துகொண்டிருந்த காலத்தில், சுவாமிகள் அதைச் சத்தமில்லாமல் பித்தளையில் சாதித்துவிட்டார்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தகடு மாட்டிய வண்டிக்குப் பூட்டுப் போடக்கூடாது.

"பூட்டு என்பது என்ன? அவநம்பிக்கை! தெய்வத்தைக் காவல் வைத்துவிட்டுச் சங்கிலியும் போட்டால், தெய்வம் எதற்கு?" என்பார் சுவாமிகள்.

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தெய்வத்துக்கு மரியாதை செய்ய, பக்தர்கள் சங்கிலியையும் பூட்டையும் அவர் காலடியில் காணிக்கையாக வைத்தார்கள். ரதத்துக்குப் பின்னால் அவை மலையாகக் குவிந்தன. வாரம் ஒருமுறை சீடர்கள் அந்த மலையைக் கைவண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே பூட்டை மறுபடி வாங்கி மறுபடி காணிக்கை வைத்த மகானுபாவர்களும் உண்டு.

முருகையன் அப்படிப்பட்ட பக்தன். அடையாற்றங்கரையில் கோட்டூர்ப் பக்கம் வண்டி வீடு போட்டிருந்தவன். வளையலும் ரிப்பனும் கண்ணாடிச் சாமானும் வண்டியில் வைத்து, பகலில் மயிலாப்பூர்த் தெருக்களில் விற்பான். சண்டைக் காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். குண்டு விழும்போது வண்டியை எப்படி ஓட்டுவது, நிறுத்தினால் எதிரி கிளப்பிக்கொண்டு போகாமல் எப்படித் தடுப்பது, எல்லாம் தெரிந்தவன். எல்லாம் தெரிந்திருந்தும் தகடு வாங்கினான்.

அவன் மனைவி பங்கஜம் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? தோசத் திருப்பி உடைஞ்ச துண்டு கணக்கா கீது?"

"வாயக் கழுவுமே! சாமி குடுத்தது. சங்கிலிய கழட்டு, காணிக்கை வெக்கணும்."

பங்கஜம் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் முருகையன் பெருமையடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எஞ்சினுக்குள் ஒரு கறுப்பு மூடி. மூடிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு. ரோட்டர் என்று பெயர். அது சுற்றினால்தான் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி போகும். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், ராஜாவே வந்து ஹாண்டில் சுற்றினாலும் வண்டி கிளம்பாது. பட்டாளத்தில் அதுதான் உத்தரவு.

அன்றிலிருந்து வண்டியை விட்டு வெளியே போகும்போதெல்லாம் பங்கஜம் ரோட்டரைக் கழற்றி வெற்றிலைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். திரும்பியதும், முருகையன் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற நேரம் பார்த்து மாட்டிவிடுவாள். அவன் வெற்றிலை போடாதவன். அவள் பையை ஒருநாளும் தொட்டதில்லை.

தை மாதம் மயிலாப்பூர்த் தெப்பம் பார்க்க இருவரும் நடந்தே போனார்கள். விடிந்து திரும்பினால், வண்டியின் பானெட் பாதி திறந்து கிடக்கிறது. ஹாண்டில் மண்ணில் கிடக்கிறது. சுற்றிலும் காலடித் தடம், ஒரு பீடித்துண்டு. திருடர்கள் வந்திருக்கிறார்கள், மூச்சு முட்டச் சுற்றியிருக்கிறார்கள், முடியாமல் போய்விட்டார்கள்.

முருகையன் தகட்டின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"பாத்தியாமே! தோசத் திருப்பின்னியே! திருடன் கை வெளங்காம பூட்டான் பாரு!"

பங்கஜத்தின் கை சுருக்குப்பைக்குப் போயிற்று. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் வீடு இரண்டாகும். சொல்லாவிட்டால் வீடு பத்திரம். யாருக்கு நஷ்டம் என்று விட்டுவிட்டாள். யாருக்கு நஷ்டம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சேதி பட்டணமெல்லாம் பரவிற்று. சுவாமிகளே அடையாற்றங்கரைக்கு எழுந்தருளி வண்டிக்கு மாலை போட்டார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு சின்னப் பட்டுப்பை தொங்கும். அதில் இருப்பது கைலாசத்துக் கல் என்பார்கள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பாக்கியம் முருகையனுக்குக் கிடைத்தது. அன்று ஒரே நாளில் ஆற்றங்கரையில் மிச்சமிருந்த சங்கிலிகள் அத்தனையும் காணிக்கையாயின. பக்கத்து வண்டி வீட்டுத் தையற்காரர் கரீமுல்லா தம் சங்கிலியை மட்டும் விடாமல் வைத்திருந்தார். முருகையன்தான் போய் அவரைக் கரைத்தான்.

"பாய், என் வண்டிய பாத்த இல்ல? இன்னும் இன்னா சந்தேகம்?"

ஒரு வாரம் போயிருக்கும். கரீமுல்லாவும் அவர் மனைவி ஜைதூன் பீயும் ராயப்பேட்டையில் ஒரு நிக்காஹ்வுக்குப் போய்த் திரும்பினார்கள். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வீடு, தையல் மிஷின், ஊரார் தைக்கக் கொடுத்த துணி, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த சாமான் எல்லாம் போய்விட்டன. ஜைதூன் பீ அந்த எண்ணெய்க் கறை பக்கத்திலேயே உட்கார்ந்து, ஓடி வந்த பங்கஜத்தைக் கேட்டாள்.

"அக்கா, உன் வண்டிய காப்பாத்திச்சே அந்தத் தகடு, எங்கள்த ஏன் வுட்டுடுச்சி? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

பங்கஜத்துக்குச் சோறு இறங்கவில்லை. தான் வாய் திறந்திருந்தால் இவள் வீடு போயிருக்காது. அன்று மாலை முருகையனின் உள்ளங்கையை விரித்து, அதில் ரோட்டரை வைத்தாள்.

"இதான்யா உன் தகடு. தெப்பத்தன்னிக்கு இது என் பையில இருந்திச்சி."

முருகையன் அதை விரலால் உருட்டிப் பார்த்தான். வெட்கம் ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம். கடைசியில் பக்தி இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டது.

"நம்ம தகடு போலின்னே வெச்சிக்கோ. சாமி வண்டிக்குப் பூட்டு இல்ல, சங்கிலி இல்ல. தொட்டவன் கை வெளங்காதுன்றாரே, அது?"

"தொட்டுப் பாத்துட்டா போச்சி" என்றாள் பங்கஜம்.

ஞாயிற்றுக்கிழமை பனகல் பூங்காப் பக்கம் கூட்டம் நெரிந்தது. ஜைதூன் பீ அழுதுகொண்டே முறையிட்டாள். சுவாமிகள் கண்ணை மூடித் திறந்தார்.

"அம்மணி, உன் வண்டிக்குள் பூட்டு ஏதாவது இருந்ததா?"

"மக சாமானு வெச்ச ட்ரங்குப் பொட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு இருந்திச்சி சாமி..."

"கேட்டீர்களா! அந்தப் பூட்டுத்தான் சக்தியைக் குடித்துவிட்டது!"

"அதான பாத்தேன்!" என்றது கூட்டம். வண்டியைப் பறிகொடுத்தவள் குற்றவாளியானாள். அவளுக்குத் தங்கமுலாம் பூசிய தகடு சிபாரிசாயிற்று. மாட்டுவதற்கு அவளிடம் வண்டி இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பங்கஜம் முன்னால் வந்தாள்.

"சாமி, உங்க வண்டிய என் புருசன் ஒரு தபா கிளப்பிப் பாக்கட்டும். கிளம்பலேன்னா தகடு நெஜம். நாங்க கால்ல வுழறோம்."

"பேதைப் பெண்ணே! அவன் கை விளங்காமல் போகும்!"

"போனா எங்க கைதான போவும்? உங்களுக்கு இன்னா பயம்?"

கூட்டத்துக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "ஆமா சாமி, உங்க மகிமைய காட்டுங்க!" என்று பக்தர்களே கத்தினார்கள். சுவாமிகள் புன்னகை செய்தார். "சரி, தொடட்டும்" என்றார். அந்தப் புன்னகையில் கவலையே இல்லை.

முருகையன் ஹாண்டிலைப் பிடித்துச் சுற்றினான். வண்டி அசையவில்லை. மறுபடி சுற்றினான். வேர்த்துக் கொட்டியது. வண்டி கல்லாக நின்றது.

கூட்டம் கோஷம் போட்டது. நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் அருள் வந்து ஆடத் தொடங்கிவிட்டார். முருகையன் தன் கையைப் பார்த்து வெலவெலத்துப்போனான்.

"பங்கஜம், கை நடுங்குதுமே!"

"ஹாண்டில் சுத்துனா நடுங்காம இன்னா பண்ணும்? கையப் பாக்காத. எஞ்சின் இன்னா சொல்லுதுன்னு கேளு. நீ டிரைவரு தான?"

முருகையன் இன்னொரு சுற்றுச் சுற்றினான். இந்தத் தடவை காதைக் கொடுத்துக் கேட்டான். அவன் முகம் மாறியது.

"சுத்துது. பொறிதான் வரல" என்று முணுமுணுத்தபடி பானெட்டில் கை வைத்தான்.

"அதைத் திறக்காதே! அது கர்ப்பக்கிருகம்!" என்று சுவாமிகள் அலறினார்.

முருகையன் கர்ப்பக்கிருகத்தைத் திறந்தான். கறுப்பு மூடியைக் கழற்றினான். உள்ளே மூலவரைக் காணோம். ரோட்டர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

முருகையன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பாதி அழுகை. பங்கஜம் சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக் காம்பை ஒதுக்கி, தங்கள் ரோட்டரை எடுத்து நீட்டினாள். இரண்டும் ஒரே ஏலத்தில் வந்த ஒரே ஜாதி வண்டி. அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. ஹாண்டிலை ஒரு சுற்றுத்தான் சுற்றினான். ரதம் உறுமிக்கொண்டு கிளம்பிற்று. முருகையன் தாவி ஏறி, வாழைக்கன்று இரண்டையும் சாய்த்துக்கொண்டு தெருவில் இறங்கினான். கை நன்றாகத்தான் விளங்கிற்று.

சுவாமிகளின் செந்தமிழ் அந்த நிமிஷமே அவரைவிட்டு ஓடிப்போயிற்று.

"டேய்! வுடுடா வண்டிய! என் வண்டிடா! ஐயோ, திருடன்! போலீஸ்! போலீஸ்!"

"இன்னா சாமி, தகடு கீதே! போலீஸ் எதுக்கு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. சற்றுமுன் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூப்பிட்ட குரலுக்குப் போலீசும் வந்தது. பூங்கா முனையில் நின்ற கான்ஸ்டபிள் ஓடி வருவதற்குள், முருகையன் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வண்டியை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். நிறுத்திய குலுக்கலில் பின்பக்கப் பட்டுத் திரை அறுந்து விழுந்தது.

"யா அல்லா! என் பொட்டி!" என்று ஜைதூன் பீ பாய்ந்தாள்.

சாட்சாத் அவளுடைய ட்ரங்குப் பெட்டிதான். பக்கத்தில் ஓர் உளியும் சுத்தியும் கிடந்தன. மூடியெல்லாம் அடிபட்டு நசுங்கியிருந்தது. அந்தச் சின்னப் பூட்டு மட்டும் திறக்கவே இல்லை. சக்தியைக் குடித்த பூட்டு!

ரதத்தின் சொந்த ரோட்டர் எங்கே என்று பங்கஜம் கேட்க, கான்ஸ்டபிள் சுவாமிகளின் கழுத்துப் பட்டுப்பையை அவிழ்த்து உள்ளங்கையில் கவிழ்த்தார். கைலாசத்துக் கல் விழுந்தது. கறுப்பாக, கட்டைவிரல் அளவில், நடுவில் ஒரு செம்புத் தகடு வைத்து. ஜனங்கள் இத்தனை நாளும் கண்ணில் ஒற்றிக்கொண்டது ரோட்டரைத்தான். ஊரார் வண்டிக்குப் பித்தளையும், தம் வண்டிக்குப் பட்டாளத்து உத்தரவும் வைத்துக்கொண்ட மகான் அவர். தம் சீடர்கள் செய்யும் தொழில் அவருக்கல்லவா தெரியும்!

கரீமுல்லாவின் வண்டி கிண்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் அகப்பட்டது. பாதிவரை காவிப் பெயிண்டு அடித்திருந்தார்கள். தையல் மிஷினும் அதற்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஜைதூன் பீ சாப்பிட்டாள். பங்கஜமும் அன்றைக்குத்தான் சாப்பிட்டாள். முருகையன் ஆற்றங்கரையில் வண்டி வண்டியாகப் போய், ரோட்டரைக் கழற்றுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தான். பூட்டு வியாபாரம் மறுபடி சூடு பிடித்தது.

அப்படியும் ஒரு பக்தர் மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாராம்: "என்னதான் சொல்லு நைனா, தகட்டுக்கு மகிமை கீது. இல்லாட்டி அந்தத் திருடன் மாட்டியிருப்பானா?"

அவருக்காகத்தான் இந்தக் கதை. ஐயா, வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது ரோட்டரைக் கழற்றி வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமியாரைப் பார்க்கப் போகும்போது மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதேயும்.