லாயிட் வாங்காத பீரோ

“விலை பேசுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும் சாமி” என்று அத்தாவுல்லா பாய் வாயெடுத்ததுமே சீனிவாசராகவனுக்குப் புரிந்துவிட்டது, இனி பேரம்தான் என்று. பீரோக் கதவு சரியில்லை, பெயின்ட் உரிகிறது என்று ஆரம்பித்துப் பாதி விலையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆயுசு முழுக்கப் பொதுப்பணித் துறையில் கான்ட்ராக்டர்களோடு மல்லுக்கட்டியவரிடமா இந்த வேலை? தொண்டையைக் கனைத்தார்.

கனைப்புதான் சைகை. வராந்தாவில் காத்திருந்த பக்கத்து வீட்டு லாயிட் உள்ளே வந்தார். போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாய் விலையை இறக்க மாட்டார், வந்து இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனால் போதும் என்பது ஏற்பாடு. ஆனால் லாயிட் சர்ச் நாடகத்தில் வருஷா வருஷம் ஏரோது ராஜாவாக நிற்பவர். இரண்டு வார்த்தையில் அவருக்கு மனசு ஆறாது.

“என்னா ராகவன், இந்த பீரோ எனக்குத்தான்னு போன வாரமே பேசி முடிச்சோமே. இப்ப வேற ஆளைக் கூப்ட்டுக் காட்டுறீங்க?”

பாய் திறந்த வாயை மூடிக்கொண்டார். பீரோவை ஒருமுறை பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்க சார், தெரியாம வந்துட்டேன். ஒருத்தர் பேசி வச்ச பொருள்ல இன்னொருத்தர் குறுக்க நுழையறது எங்க மார்க்கத்துல தப்பு. இனிமே இதைப் பத்தி நான் வாயைத் திறக்கக் கூடாது.”

லாயிட்டுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

மல்லேஸ்வரத்து வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்துகொண்டு, வைட்ஃபீல்டில் மகன் ரோஹன் பார்த்து வைத்திருக்கும் உயரமான ஃப்ளாட்டுக்குப் போக வேண்டும். பச்சைப் பெயின்ட் அடித்த இந்த மர பீரோ அங்கே லிஃப்டுக்குள் நுழையாது. படியில் தூக்க எந்த ஆளும் சம்மதிக்கவில்லை. மனைவி பாகீரதிக்கு அவள் அப்பா மைசூரில் செய்து கொடுத்த சீர் அது. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

“விக்கறதுன்னா வித்துடுங்கோ. உடைச்சுப் பலகையா எடுக்கறவன்கிட்ட மட்டும் குடுக்காதீங்கோ. யாராத்துலயாவது முழுசா நிக்கட்டும்.”

சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார். கேட்டுப் பார்த்த கடைக்காரர்கள் எல்லாருமே பலகைக்குத்தான் கேட்டார்கள். முழுசாக வாங்கி முழுசாக விற்கிறவர் என்று பெயரெடுத்தவர், நீலசந்திராவில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் இந்த பாய் ஒருவர்தான். முந்தின நாள் சீனிவாசராகவன் பூஜையில் இருக்கும்போது வந்து, பீரோவின் முதுகுப்பக்கமெல்லாம் தடவிப் பார்த்து, ஏன் விற்கிறீர்கள் என்று பாகீரதியிடம் விசாரித்து, நாளைக்கு வந்து சாமியிடமே பேசுகிறேன் என்று போயிருந்தார். அப்படிப்பட்ட மனுஷரைத்தான் கனைத்து விரட்டியாயிற்று.

மறுநாள் சீனிவாசராகவன் போன் போட்டு, லாயிட் வேண்டாம் என்று விலகிவிட்டதாகச் சொன்னார். பாய் சந்தோஷப்பட்டார். ஆனால் அதை அந்த சார் வாயால் கேட்டால்தான் தனக்கு நிம்மதி என்றார்.

சரி, லாயிட்டைப் பேச வைத்தார். வேண்டாம் என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வைக்க வேண்டியதுதானே? என்னால் ஏதும் மனஸ்தாபமா என்று பாய் தன்மையாகக் கேட்கப்போக, ஏரோது ராஜா தடுமாறி, பீரோவில் கரையான் என்று சொல்லிவிட்டார்.

அரைமணியில் பாய் சீனிவாசராகவனைக் கூப்பிட்டார். “கரையானாமே சாமி? நான் பார்த்தப்ப இல்ல. குறை இருந்தா சொல்லித்தான் விக்கணும், அதான் கேக்கறேன்.”

கரையானும் இல்லை, ஒரு கறையும் இல்லை என்று சீனிவாசராகவன் பெருமாள்மேல் சத்தியம் செய்தார்.

“அப்ப அந்த சார் விலையைக் குறைக்கத்தான் அப்படிச் சொல்றாரு. இன்னும் ஆசை விடல. நீங்களும் அவரும் பேசி முடிச்சுக்குங்க, நடுவுல நான் வேணாம்” என்று பாய் போனை வைத்துவிட்டார்.

“உண்மையைச் சொல்லித் தொலைச்சுடுங்கோளேன்” என்றாள் பாகீரதி. “லாயிட் நான் நிறுத்தி வச்ச ஆள்தான்னு நீங்க சொன்னா தலையா போயிடும்?”

சொல்லலாம்தான். போனை எடுத்தார், வைத்தார். குறுக்கே பேசுவதையே பாவம் என்று ஒதுங்கிப் போகிறவரிடம், உங்களை ஏமாற்றப் பொய்யாக ஒரு ஆளை நிறுத்தினேன் என்று எந்த வாயால் சொல்வது? ரிடையர் ஆன நாளிலிருந்து ‘நேர்மையான ஆபீசர்’ என்று தெருவே சொல்கிறது. அந்தப் பெயரை விட மனசில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

கடைசியில் மரவாடி ஆள்தான் வந்தான், ரம்பத்தோடு. அவனுக்குப் பலகை போதும். பாகீரதி பீரோவிலிருந்த புடவைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரம்பச் சத்தம் ஓயும்வரை சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சீனிவாசராகவனுக்கு. வாக்கும் போயிற்று, பீரோவும் போயிற்று, அவர் பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மற்ற சாமான்களை ஏற்ற டெரிக் வந்து சேர்ந்தான். அன்றைக்கு பாயைத் தன் கூட்ஸ் ஆட்டோவில் கூட்டிவந்தவன் அவன்தான். வீடு மாறும்போது கூப்பிடுங்கள் என்று பாகீரதியிடம் நம்பர் கொடுத்திருந்தான். கூடத்தில் குவிந்து கிடந்த பச்சைப் பலகைகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

“லாயிட் சார் வாங்கிட்டாருன்னுல்ல பாய் சொன்னாரு?”

டெரிக் குனிந்து அறுபட்ட ஒரு மூலையைத் தொட்டான்.

“அன்னிக்கு பாய் இதை வாங்கறதுக்கு வரல சார். ‘ஒரு ஆணி இல்லாத பீரோ, ஆப்பைத் தட்டினா தனித்தனியா கழண்டு லிஃப்ட்லயே போயிரும். பாவம், தெரியாம விக்கறாங்க, விக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன்’னு வண்டியில சொல்லிக்கிட்டேதான் வந்தாரு.”